மைதாப் பசையும் சுகர் ஃப்ரீதான்!

சினிமா போஸ்டர் ஒட்டுவதற்கு மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பசையை ஒரு டப்பாவில் அடைத்து, மேலே கொட்டை எழுத்தில் ‘சுகர் ஃப்ரீ’ என்று அச்சடித்தால், அந்த இரண்டு வார்த்தைகளில் சட்டப்படி ஒரு பிழையும் கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பிறந்த நாள்.

மகளுக்குப் பதினாறு முடிந்தது. கோயில், புதுச் சட்டை எல்லாம் காலையோடு சரி. சாயங்காலம் காபி ஷாப் போக வேண்டும் என்றாள். பத்து பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் குட்டிக் கடை. உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் விளக்கு வெளிச்சத்தில் சீஸ்கேக். அதன் தலையில் ஒரு சின்னப் பலகை: ‘சுகர் ஃப்ரீ’.

நாற்பத்தோரு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. மூன்று மாத சராசரி 7.9. அன்றிலிருந்து பிறந்த நாள் என்றால் எனக்குக் கேக் வெட்டுவதைப் பார்க்கும் நாள் என்றுதான் அர்த்தம். நான் பலகையைப் பார்ப்பதைக் கடைப் பையன் பார்த்துவிட்டான்.

“தைரியமா சாப்பிடுங்க சார். சுகர் பேஷண்டுக்குன்னே செஞ்சது.”

சாதா துண்டு 280 ரூபாய். சர்க்கரை போடாத துண்டு 340. போடாததற்கு எதற்கய்யா 60 ரூபாய் கூடுதல் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பி.காம். படித்தவன் வேறு. ஆனால் நாக்கு முந்திக்கொண்டது. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், பிரமாதமாகவே இருந்தது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் விரலில் குத்திப் பார்த்திருந்தேன்: 118. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி குத்தினேன்: 209. நடுவில் சர்க்கரை போடாத ஒரு காபி தவிர வேறு ஒன்றும் உள்ளே போகவில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். கேக் செய்கிறவர் நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார். அடியில் பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெயில் பிசைந்து அழுத்துகிறார்கள். மேலே கிரீம் சீஸ், தயிர், முட்டை, கொஞ்சம் கார்ன்ஃப்ளார். சர்க்கரைக்குப் பதிலாக ஒரு பவுடர். பவுடரின் பாக்கெட்டையும் காட்டினார். மால்டிட்டால் என்று போட்டிருந்தது.

“பிஸ்கட்ல மைதா இருக்குமே?”

“மைதா இருக்கும் சார். ஆனா சுகர் போடலையே?”

அவர் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ‘சுகர்’ என்றால் வெள்ளையாக, மணி மணியாக, டப்பாவில் இருப்பது. அது இல்லை என்றால் சுகர் இல்லை. கடைக்காரருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் எனக்கும் இதே அகராதிதான்.

சட்டத்துக்கும் ஏறக்குறைய இதேதான் அகராதி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விளம்பர விதிகளின்படி, 100 கிராம் பண்டத்தில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் அதைச் ‘சுகர் ஃப்ரீ’ என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே சர்க்கரை என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற எளிய சர்க்கரைகள். மாவுச்சத்து இந்தக் கணக்கில் வராது. மைதாவில் 100 கிராமுக்குச் சுமார் 75 கிராம் மாவுச்சத்து. வாயில் எச்சில் பட்டதிலிருந்தே அது உடைய ஆரம்பித்து, குடலுக்குப் போய்க் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறும். ஆனால் டப்பாவுக்குள் இருக்கும்வரை அது மாவுதானே? அதனால்தான் சொன்னேன், போஸ்டர் பசையும் சுகர் ஃப்ரீதான்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். கிரீம் சீஸிலும் தயிரிலும் இயற்கையாகவே பால் சர்க்கரை இருக்கிறது. அரை கிராம் வரம்பை அது தாண்டிவிடும். ஆகவே எந்த யோக்கியமான சீஸ்கேக்கும் சட்டப்படி சுகர் ஃப்ரீ ஆக முடியாது. அந்தக் கண்ணாடிப் பெட்டியின் பலகையே தப்பு. மைதாப் பசை பாஸ், சீஸ்கேக் ஃபெயில். இந்தப் பரீட்சையை நம்பித்தான் நாம் வாயைத் திறக்கிறோம்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. கல்யாண வீட்டில் இலையில் ஜாங்கிரி விழுந்தால், வைத்தவர் நகர்வதற்குள் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவார். காபியில் சர்க்கரை கிடையாது. பாயசத்தை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று ரஸ்க் உண்டு. பாக்கெட்டில் ‘சுகர் ஃப்ரீ’ என்று பச்சை எழுத்தில் இருக்கும். மாதக் கடைசியில் கையில் காசு இல்லாவிட்டாலும் அந்த ரஸ்கை மட்டும் வாங்கி வந்துவிடுவேன். நல்ல மகன் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வேன்.

“இனிப்பு தொடறதே இல்ல டாக்டர்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், அவரைப் பார்ப்பார். “ஐயா, ஒளிக்காம சொல்லுங்க” என்பார். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர், பொய் சொல்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். 2008-ல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். 2014-ல் போய்விட்டார்.

ரஸ்க்தான் அவரைக் கொன்றது என்று எழுதினால் நானும் அந்தப் பலகைக்காரன் மாதிரி ஆகிவிடுவேன். சிகரெட் இருந்தது. மாத்திரை மறதி இருந்தது. காலில் பட்ட காயத்தை ஒரு மாதம் மறைத்த பிடிவாதம் இருந்தது. ஆனால் தினம் ஆறு துண்டு மைதாவை மருந்து மாதிரி நம்பிச் சாப்பிட்டாரே, அந்த நம்பிக்கையைக் காசு வாங்கிக்கொண்டு விற்றது யார்? காசு கொடுத்து வாங்கி வந்தது நான்தான்.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து செய்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் இது கவலை தரும் எண்ணிக்கை. வியாபாரிக்கு இது மார்க்கெட் சைஸ். இத்தனை பேர் நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். கட்டை அவிழ்க்க இரண்டே இரண்டு வார்த்தைதான் தேவை.

சரி, புலம்பியாயிற்று. ‘சர்க்கரைக்காரன் கேக்கை மறக்க வேண்டியதுதானா?’ என்கிறீர்களா? வேண்டாம். வீட்டில் செய்யுங்கள். நான் செய்தேன்.

ஒரு விஷயம் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சாதாரண கேக்குக்கு மைதாதான் தூண். அதை உருவினால் கட்டடம் விழும். சீஸ்கேக் பெயரில்தான் கேக். குணத்தில் நம் சீம்பாலுக்கு உறவு. சீம்பாலை இட்லிப் பானையில் வைத்தால் கெட்டியாகிறதே, மாவா போட்டோம்? அதிலுள்ள புரதம் சூட்டில் கட்டிக்கொள்கிறது. சீஸ்கேக்கில் அந்த வேலையை முட்டை பார்த்துக்கொள்கிறது. மாவே தேவைப்படாத ஒரு பண்டத்துக்கு அடியில் பிஸ்கட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மேலே சர்க்கரையை மட்டும் எடுத்தேன் என்று பெருமையடிப்பதுதான் என் கோபம். காரணம் பெரிய ரகசியமில்லை. பாதாம் விலை என்ன, பிஸ்கட் விலை என்ன?

என் கணக்கு இது. ஏழு அங்குல டின், அடி கழன்று வருவதாக இருந்தால் நல்லது. பத்துத் துண்டு வரும்.

முதல் நாள் இரவே அரை கிலோ தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள்ளேயே பாத்திரத்தின் மேல் தொங்க விடுங்கள். காலையில் ஏறக்குறைய 200 கிராம் கெட்டித் தயிர் நிற்கும். அடிப்பாகத்துக்கு 120 கிராம் பாதாம் பொடி, 45 கிராம் உருக்கிய வெண்ணெய், இரண்டு ஸ்பூன் எரித்ரிட்டால். பிசைந்து டின்னில் அழுத்தி, ஓவனில் 170 டிகிரியில் பத்து நிமிடம். லேசாகச் சிவந்ததும் எடுத்து ஆறவிடுங்கள்.

மேல்பாகத்துக்கு 400 கிராம் கிரீம் சீஸ். ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். அதோடு அந்தத் தயிர், 120 கிராம் எரித்ரிட்டால், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, சில சொட்டு வெனிலா. நன்றாகக் குழைந்த பிறகு கடைசியாக மூன்று முட்டை, ஒவ்வொன்றாக. முட்டை சேர்த்த பின் அடித்துத் தள்ளாதீர்கள். காற்று புகுந்து, வெந்ததும் வெடிக்கும். 150 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். டின்னை அசைத்தால் ஓரம் நிற்க வேண்டும், நடுவில் ஒரு சின்ன நடுக்கம் இருக்க வேண்டும். அப்போதே அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்.

முதல் தடவை அவசரப்பட்டு வெளியே எடுத்தேன். மே மாதத்து ஏரி மாதிரி நடுவில் பிளந்துகொண்டது. இரண்டாம் தடவை எரித்ரிட்டாலை மிக்ஸியில் பொடிக்க மறந்தேன். பல்லில் மணல். “என்னங்க, பாத்திரம் தேய்க்கிற பவுடரா போட்டீங்க?” என்றாள் மனைவி. மூன்றாவது தடவைதான் வந்தது. வாயில் போட்டால் லேசாகக் குளிரும், அது எரித்ரிட்டாலின் சுபாவம். சர்க்கரையின் இனிப்பில் 60, 70 சதவிகிதம்தான் இருக்கும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது ஐந்தொகை. சாதா முறையில் இதே அளவு கேக்குக்கு 150 கிராம் பிஸ்கட், 150 கிராம் சர்க்கரை, ஒரு பிடி கார்ன்ஃப்ளார். மொத்தம் சுமார் 300 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும். துண்டுக்கு 30. கடையின் ‘சுகர் ஃப்ரீ’ முறையில் சர்க்கரையை எடுத்துவிட்டாலும் பிஸ்கட், கார்ன்ஃப்ளார், பால் சர்க்கரை எல்லாம் அப்படியே நிற்கின்றன. துண்டுக்கு 15. அதற்கு மேல் மால்டிட்டால் வேறு. அது சர்க்கரை அளவுக்கு ஏற்றாது. ஆனால் ஏற்றவே ஏற்றாது என்பது பொய். அதன் கிளைசெமிக் இண்டெக்ஸ் சுமார் 35, சர்க்கரைக்கு 65. பாதிக்கு மேல் வந்துவிட்டதா? என் வீட்டுத் துண்டில், பாதாமின் நார்ச்சத்தைக் கழித்துவிட்டால், சுமார் 4 கிராம். எரித்ரிட்டாலில் பெரும்பங்கு ரத்தத்தில் குளுக்கோஸாக மாறாமல் சிறுநீரில் போய்விடும்.

காசுக்கணக்கு: கிரீம் சீஸ் 400, பாதாம் 120, எரித்ரிட்டால் 100, தயிர், முட்டை, வெண்ணெய், மற்றது 100. ஆக 720 ரூபாய். துண்டுக்கு 72. மீட்டர் கணக்கு: முன்னால் 121, இரண்டு மணி நேரம் கழித்து 134. என் ஒரு விரல் ஆராய்ச்சி ஆகாது, தெரியும். ஆனால் என் விரல் எனக்குப் போதும். உங்களுக்கு உங்கள் விரல் இருக்கிறது.

உடனே ‘லோ கார்ப்’ கொடியைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் துண்டு ஒன்றில் சுமார் 285 கலோரி. ஏறக்குறைய ஐந்து இட்லி. அதுவும் பெரும்பாலும் கொழுப்பு, அதிலும் பாலிலிருந்து வரும் கொழுப்பு. ‘கார்ப் இல்லையே’ என்று மூன்று துண்டு சாப்பிட்டால், ‘சுகர் இல்லையே’ என்று ஆறு ரஸ்க் சாப்பிட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பலகை மாறியது, ஏமாந்தவர் மாறவில்லை.

எரித்ரிட்டாலும் சாமி பிரசாதம் இல்லை. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாக அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அதனால்தான் வந்தது என்று நிரூபணம் ஆகவில்லை. நிரூபணம் ஆகவில்லை என்பதற்காகத் தினம் தின்னவும் வேண்டாம். நான் இந்தக் கேக்கை வருடத்தில் நான்கு தடவை செய்கிறேன். வீட்டில் பிறந்த நாள் அத்தனைதான்.

இன்னொன்று. இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் திடீரென்று சோற்றையும் மாவையும் நிறுத்தாதீர்கள். சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுவீர்கள். கேக் மருந்தல்ல. மாத்திரைக்கு மாற்றும் அல்ல. அது கேக்.

பிறகு எதற்கு இத்தனை மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். கடையில் ஒரு துண்டு வாங்கினால் நமக்குக் கிடைப்பது ஒரு பலகை. வீட்டில் செய்தால் உள்ளே போன ஒவ்வொரு கிராமும் நம் கையால் தராசில் ஏறி இறங்கியிருக்கும். என் அப்பாவுக்கு எப்போதும் கிடைக்காமல் போனது அந்தத் தராசுதான். அவருக்கு நாக்குக் கட்டுப்பாடு இருந்தது. எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தகவல்தான் இல்லை.

ஆகவே அரசாங்கத்திடம் ஒரே ஒரு கோரிக்கை. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த சைஸ் எழுத்தில் எழுதுகிறார்களோ, அதே சைஸில் பக்கத்திலேயே ‘மாவுச்சத்து இத்தனை கிராம்’ என்றும் எழுதட்டும். பாக்கெட்டின் முதுகில், எறும்பு எழுத்தில், மொத்த கார்போஹைட்ரேட் இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. சர்க்கரையால் கண் மங்கியவர்களுக்கான சரக்கில் எறும்பு எழுத்து! கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டாக விற்கும் கேக்குக்கு அந்த முதுகும் கிடையாது.

அரசாங்கம் செய்கிறவரை நீங்கள் செய்யலாம். பாக்கெட் வாங்கினால் முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்புங்கள். எது அதிக எடையோ அது பொருள் பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்றில் மைதா, கோதுமை மாவு, ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எது இருந்தாலும் வைத்துவிடுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் சில செயற்கை இனிப்புப் பொடிகளிலேயே இருக்கும். சர்க்கரையைவிட வேகமாக ஏற்றும் சரக்கு அது.

கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது “சுகர் இருக்கா?” என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கிறது. “இதுல மாவு எவ்வளவு?” என்று கேளுங்கள். கடைப் பையன் முழிப்பான். பாவம், அவன் மேல் கோபப்படாதீர்கள், அவனுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ‘பரவால்ல தம்பி’ என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் அரை கிலோ தயிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ராத்திரியே துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும்.